வார இறுதியில் எழுந்த சுவர்: தடையாணை மீறல் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையில் நடந்த ஒரு குடும்பச் சொத்து வழக்கு இது. நாங்கள் ஆஜரானது தடையாணையை மீறியவர் தரப்பில். உத்தரவை மீறியவர் வக்கீல் அலுவலகத்தின் படியேறும்போது அவர் கையில் என்ன மிச்சமிருக்கிறது, அதில் எதைக் காப்பாற்ற முடியும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஜெயித்தவர்கள்தாம் வழக்கைப் பற்றி எழுதுகிறார்கள். எங்கள் கட்சிக்காரரின் சம்மதத்துடன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு இதைப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

அண்ணன், தம்பி இருவருக்கும் தந்தை விட்டுச்சென்ற மனை. தந்தை உயிரோடு இருந்தபோதே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகிவிட்டது. தெருவைப் பார்த்த முன்பகுதி மூத்தவருக்கு, பின்பகுதி இளையவருக்கு. பின்வீட்டுக்கு வழி, மேற்கு ஓரத்தில் நாலடி அகலச் சந்து. அதை இரு பங்குதாரர்களும் பொதுவில் அனுபவித்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரம் சொன்னது. பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு சந்தை நம்பி வாழும் பின்வீடுகள் இருக்கின்றன. பங்கு பிரித்த தலைமுறை இருக்கும்வரை அது வழி. அடுத்த தலைமுறைக்கு அது வீணாகக் கிடக்கும் இடம்.

தம்பி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளுடன் பின்வீட்டில் இருந்தார். மாலையில் தெருமுனையில் இட்லிக்கடை. கடை என்றால் தள்ளுவண்டி. இரவில் வண்டி சந்து வழியாகப் பின்வாசலுக்கு வந்துவிடும்.

முன்பகுதியில் மூத்தவரின் மகன் ஹார்டுவேர் கடை நடத்தினார். மாடி கட்டி வாடகைக்கு விட வேண்டும், அதற்கு வங்கிக் கடன் வாங்க வேண்டும் என்பது அவர் திட்டம். மாடிக்குப் படிக்கட்டு வேண்டும். படிக்கட்டைக் கடைக்குள் எடுத்தால் கடை சுருங்கும். ஆகவே சந்தின் முன்பாதியை அடைத்து, அதில் படிக்கட்டு ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தார். பின்வீட்டுக்காரர்கள் கொல்லைப்புறக் கழிவுநீர்ச் சந்து வழியாகப் போய்க்கொள்ளட்டும் என்பது அவர்கள் பேச்சு. பொங்கல் முடிந்து ஒருநாள் அளவு நாடாவோடு மேஸ்திரி வந்து நின்றபோது சண்டை தொடங்கியது.

வழக்கும் தடையாணையும்

தம்பி மனைவி காலம் தாழ்த்தவில்லை. உறவினர் ஒருவர் மூலம் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, சென்னை நகர உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தரத் தடையாணை கோரி வழக்குத் தொடுத்தார். கூடவே இடைக்காலத் தடை கோரும் மனு. பிரதிவாதி மூத்தவர் ஒருவர்தான். மகன் பெயர் வழக்கில் இல்லை. இந்தச் சிறு விடுபாடு பின்னால் பெரிய தலைவலியானது, இரு தரப்புக்கும்.

ஒரு வியாழக்கிழமை ஒருதலைப்பட்சமாக இடைக்காலத் தடையாணை பிறந்தது. பிரதிவாதியோ அவருடைய ஆட்களோ முகவர்களோ சந்தை மறிக்கவோ அதில் கட்டுமானம் செய்யவோ கூடாது என்று உத்தரவு சொன்னது. எதிர்த் தரப்பைக் கேட்காமல் இப்படி ஆணை வழங்கும்போது உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, கட்டளை 39 விதி 3 ஒரு கடமையை வாதி மேல் சுமத்துகிறது. மனு, பிரமாண வாக்குமூலம், வழக்குரை, ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை உடனே எதிரிக்குப் பதிவு அஞ்சலில் அனுப்ப வேண்டும் அல்லது நேரில் சேர்ப்பிக்க வேண்டும். அப்படிச் செய்துவிட்டதாக அன்றோ மறுநாளோ நீதிமன்றத்தில் வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும். பல தடையாணைகள் பின்னால் ஆட்டம் காண்பது இந்த இடத்தில்தான். வாதியின் வழக்கறிஞர் அதில் ஓட்டை வைக்கவில்லை. வியாழன் மாலையே அஞ்சல் போய்விட்டது, ரசீதும் கோப்பில் ஏறிவிட்டது. போதாதென்று சந்து திறந்து கிடப்பதை வெள்ளிக்கிழமை காலையில் படமும் எடுத்து வைத்திருந்தார்.

வெள்ளி முதல் திங்கள் வரை

வெள்ளி காலை, உத்தரவுகளைச் சேர்ப்பிக்கும் நீதிமன்ற ஊழியரான அமீனா கடைக்கு வந்தார். மூத்தவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். தாளைப் பார்த்தவர் வாங்க மறுத்தார், கையெழுத்தும் போடவில்லை. அமீனா பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரைச் சாட்சியாக வைத்து, கடைக் கதவில் நகலை ஒட்டி, மறுப்பைத் தம் அறிக்கையில் எழுதிக்கொண்டு போனார்.

அன்று மாலை மகன் அந்தத் தாளைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கையெழுத்துப் போடாத உத்தரவு செல்லாது என்று கீழே ஒரு வரியும் எழுதினார். அந்த யோசனையைச் சொன்னவர் பத்திரம் எழுதும் ஒரு நண்பர் என்று பிறகு தெரிந்தது. குழுவில் தம்பி மனைவியின் நாத்தனாரும் இருந்தார். படம் சில நிமிடங்களில் பின்வீட்டுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை மதியம் மினி லாரியில் ஹாலோ பிளாக் கல் இறங்கியது. கொத்தனாரும் சித்தாட்களும் வந்தார்கள். வார இறுதியைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. வெள்ளி மாலை நீதிமன்றம் மூடினால் திங்கள் காலைவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. கட்டிவிட்டால் இடிக்கச் சொல்லமாட்டார்கள் என்பது அந்தக் கணக்கின் இரண்டாம் பாதி.

தம்பி மனைவி 100-க்கு அழைத்தார். காவலர் இருவர் வந்து உத்தரவு நகலைப் பார்த்தார்கள். இது சிவில் விவகாரம், கோர்ட்டில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார்கள். வேலை ஒரு மணி நேரம் நின்றது, அவர்கள் போனதும் தொடர்ந்தது. மறுநாள் அவர் நிலையத்துக்குப் போய்ப் புகாரை எழுதிக் கொடுத்து, வழக்கு பதியாவிட்டாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்கிக்கொண்டு வந்தார். அன்று அவருக்கு அது பயனற்ற காகிதமாகத் தோன்றியிருக்கும். வேலை சனிக்கிழமை நடந்தது என்பதற்குத் தேதியிட்ட அரசுப் பதிவு அந்த ஒன்றுதான்.

ஞாயிறு இரவுக்குள் சுவர் ஆளுயரம் எழுந்துவிட்டது. இட்லி வண்டி உள்ளே மாட்டிக்கொண்டது. கழிவுநீர்ச் சந்தில் ஆள் ஒருக்களித்துப் போகலாம், வண்டி போகாது.

ஆணையர் கண்டவை

திங்கள் காலை வாதி தரப்பு மூன்று மனுக்களுடன் நீதிமன்றத்தில் நின்றது. மீறலுக்குத் தண்டனை கோரிக் கட்டளை 39 விதி 2ஏ-வின் கீழ் ஒன்று, சுவரை அகற்றிப் பழைய நிலையை மீட்டுத் தரப் அதே நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 151-இன் கீழ் ஒன்று, இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க ஒன்று. ஆணையர் அன்றே நியமிக்கப்பட்டார். செவ்வாய்க்கிழமை இடத்தைப் பார்த்தார்.

அவருடைய அறிக்கையைப் பல தடவை படித்திருக்கிறேன். அதில் ஒரு வரிகூட அலங்காரம் இல்லை. சந்தின் அகலம், சுவரின் நீளம், உயரம். எட்டு வரிசை ஹாலோ பிளாக். மேல் வரிசைகளின் கலவை விரல் நகத்தால் கீறினால் உதிர்கிறது. சுவரின் மேல் நனைந்த சணல் சாக்குகள் போர்த்தப்பட்டுள்ளன. சுவரடியில் பாதி காலியான ஒரு சிமென்ட் மூட்டை, ஒரு மணல் சல்லடை. சுவருக்கு உட்புறம் ஒரு தள்ளுவண்டி, அகலம் மூன்றடி, வெளியே கொண்டுவர வழியில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். எங்கள் கட்சிக்காரர் எங்களிடம் வருவதற்கு முன்பே வழக்கின் பெரும்பகுதியை சுவர் புதியது என்று காட்டிக்கொடுத்த அந்தச் சாக்குகள் முடித்துவிட்டிருந்தன.

எங்களிடம் வந்தபோது

2ஏ மனுவின் அறிவிப்பு கிடைத்த பிறகுதான் மூத்தவரும் மகனும் தம்புச் செட்டித் தெருவில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். மூத்தவருக்கு அறுபதைத் தாண்டிய வயது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன கதை சுருக்கமானது. சுவர் புதன்கிழமையே எழும்பிவிட்டது, உத்தரவு வந்தது அதற்குப் பிறகு.

கதை சரியென்றால் அவர் மேல் குற்றமே இல்லை. அதனால் கல், சிமென்ட் வாங்கிய ரசீதுகளையும் கூலிக் கணக்கையும் கேட்டோம். அவர் கொண்டுவந்த பையிலேயே அவை இருந்தன. கல் இறக்கிய ரசீதில் சனிக்கிழமைத் தேதி. அதை மேசை மேல் வைத்தபோது தந்தை மகனைப் பார்த்தார், மகன் கைபேசியைப் பார்த்தார். அதோடு புதன்கிழமைக் கதை முடிந்தது.

பிறகு அவர்கள் மனதில் இருந்த உண்மையான வாதங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. இந்த வாதங்கள் இந்தக் குடும்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல. வடசென்னையில் எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்கலாம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சட்டம் எங்கே நின்றது

கையெழுத்துப் போடவில்லை என்பது முதல் வாதம். சட்டம் பார்ப்பது உத்தரவு ஆளுக்குத் தெரியுமா என்பதை. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டுவதும் முறையான சேர்ப்பிப்புதான், கட்டளை 5 விதி 17 அதற்காகவே இருக்கிறது. அமீனா அறிக்கையை விட்டாலும், மகன் குழுவில் போட்ட படம் உத்தரவு வீட்டாருக்குத் தெரியும் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டது.

இரண்டாவது வாதம், உத்தரவே தவறு என்பது. சந்தின் மேல் தமக்கும் உரிமை உண்டு, நீதிபதி தம்மைக் கேட்கவே இல்லை என்றார் மூத்தவர். அந்தக் குறையில் உண்மை இருக்கலாம். அதைச் சொல்லக் கட்டளை 39 விதி 4 இருக்கிறது. ஆணையை நீக்கவோ மாற்றவோ கோரி மனுப் போடலாம். ஒருதலைப்பட்ச ஆணை வழங்கியிருந்தால் அந்தத் தடை மனுவை முப்பது நாட்களுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்கிறது விதி 3ஏ. மேல்முறையீடும் உண்டு. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நாமே ஆணையைத் தவறென்று தீர்மானித்து மீற முடியாது. 1997-இல் தாயாபாய் பாகசர்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கும் ஒரு படி மேலே போனது. ஆணை வழங்கிய நீதிமன்றத்துக்கு அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று பின்னால் முடிவானாலும், அதுவரை அந்த ஆணையை மீறியதற்குத் தண்டனை உண்டு என்றது.

மூன்றாவது, கட்டியது மகன், தந்தை இல்லை. உத்தரவில் ஆட்கள், முகவர்கள் என்ற சொற்கள் இருந்தன. கல்லுக்குப் பணம் போனது தந்தையின் கணக்கிலிருந்து. வேலை நடந்தது அவர் கண்ணெதிரே. இந்த வாதத்தை எடுத்திருந்தால் இருவரையும் ஒருவருக்கு எதிராக ஒருவரை நிறுத்தியிருக்கும், யாரையும் காப்பாற்றியிருக்காது.

நான்காவது வாதத்தை மகன் சற்று உற்சாகமாகவே சொன்னார். கோர்ட் அவமதிப்புக்கு அபராதம் இரண்டாயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டால் போகிறது. இரண்டாயிரம் என்பது சரி. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971, பிரிவு 12 அந்த வரம்பைச் சொல்கிறது. அதே பிரிவு ஆறு மாதம்வரை வெறுங்காவல் உண்டு என்றும் சொல்கிறது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அது ஒருபுறம் இருக்க, எங்கள் முன் இருந்தது அந்தச் சட்டமே இல்லை. 1976 திருத்தத்தால் வந்த விதி 2ஏ-வில் அபராதம் என்ற பேச்சே கிடையாது. மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், அவரையே மூன்று மாதத்துக்கு மிகாமல் உரிமையியல் சிறையில் வைக்கலாம். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம் என்று சமீ கான் வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜப்தி ஓராண்டுக்கு மேல் நீடிக்காது. அதன் பிறகும் மீறல் தொடர்ந்தால் சொத்தை விற்று, வரும் பணத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கலாம்.

கட்டிவிட்டால் இடிக்கச் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கைக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1975-லேயே பதில் சொல்லிவிட்டது. செஞ்சுரி ஃப்ளவர் மில்ஸ் வழக்கு. தடையாணையை மீறிச் செய்த காரியத்தை நீடிக்கவிடாமல் பழைய நிலைக்குக் கொண்டுவரும் உள்ளார்ந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்ற அந்தத் தீர்ப்பைத்தான் வாதி தரப்பு தன் 151 மனுவில் முதலில் வைத்திருந்தது.

வாதி தரப்பு ஏன் உயர் நீதிமன்றத்துக்கு அவமதிப்பு மனுவோடு போகவில்லை என்று மகன் கேட்டார். கீழ் நீதிமன்ற உத்தரவை மீறியதற்கும் அவமதிப்புச் சட்டத்தின் பிரிவு 10-இன் கீழ் உயர் நீதிமன்றம் தண்டிக்கலாம். ஆனால் 2ஏ என்ற வழி கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது உயர் நீதிமன்றம் பொதுவாக அங்கேயே போகச் சொல்லும். சுவரை இடிக்க வைப்பதுதான் வாதியின் தேவை. அதற்கு வழக்கு நடக்கும் நீதிமன்றமே தோது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவில், பழைய தண்டனைச் சட்டத்தின் 188-இல், காவல்துறை வழக்குப் போடவில்லையே என்பதை அவர் தமக்குச் சாதகமாக நினைத்தார். அந்தப் பிரிவு பொது ஊழியர் பிறப்பிக்கும் உத்தரவுகளுக்கானது, இருவருக்கு இடையிலான சொத்து வழக்கின் தடையாணைக்கு அது பொருந்துவதில்லை. காவல்துறை ஒதுங்கிப் போனதால் மீறல் சிறியதாகிவிடாது.

எங்கள் தரப்பில் உண்மையில் நின்ற ஒரே சட்டக் கேள்வி, மீறல் வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்பது. 2ஏ-வின் கீழ் தண்டிக்க வேண்டுமானால் வெறும் மீறல் போதாது, அது வேண்டுமென்றே செய்ததாக இருக்க வேண்டும் என்று 2019-இல் மாம்பள்ளி பேக்கரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தவறான ஆலோசனையால் நடந்தது என்று வாதிடலாமா என்று பார்த்தோம். வாட்ஸ்அப் வரியும் வார இறுதிக் கணக்கும் அந்தக் கதவைச் சாத்திவிட்டன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவில் எங்களுக்குத் தயக்கமே இருக்கவில்லை. புதன்கிழமைக் கதையைப் பிரமாண வாக்குமூலத்தில் எழுதமாட்டோம். பொய் வாக்குமூலம் என்று நீதிமன்றம் கண்டால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 379-ஆம் பிரிவின்படி விசாரணை, நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவின்படி குற்ற வழக்கு என்று விவகாரம் குற்றவியல் பக்கம் தாவிவிடும். வேறு வக்கீல் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்றோம். மூத்தவர் உட்கார்ந்தே இருந்தார்.

இரண்டாவது, வாட்ஸ்அப் படத்துக்குத் தொழில்நுட்ப ஆட்சேபம் எழுப்புவதில்லை. மின்னணு ஆவணத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், வாதி அப்போது தாக்கல் செய்திருக்கவில்லை. ஆட்சேபித்தால் ஒரு வாய்தா கிடைக்கும். அடுத்த வாய்தாவில் சான்றிதழ் வந்துவிடும். இடைப்பட்ட நாட்களெல்லாம் சுவர் நிற்கும் நாட்கள், வண்டி உள்ளே கிடக்கும் நாட்கள். மீறல் எத்தனை நாள் தொடர்ந்தது என்பதையும் நீதிபதி கணக்கில் வைப்பார்.

மூன்றாவது, நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே சுவரை இடிப்பது. அதையும் ஓசைப்படாமல் செய்யக் கூடாது. ஆணையர் படம் எடுத்து அளந்து முடித்துவிட்டார் என்றாலும், சொல்லாமல் இடித்தால் சாட்சியத்தை அழித்தார்கள் என்ற பேச்சு வரும். எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு எழுத்தில் தெரிவித்து, நீதிமன்றத்தில் மெமோ தாக்கல் செய்து, தேதி குறிப்பிட்டு இடித்தோம். அன்று வாதியின் ஜூனியரும் வந்து நின்றார். கட்டிய அதே கொத்தனார்தான் இடித்தார், இரண்டு வேலைக்கும் கூலி வாங்கிக்கொண்டு. தள்ளுவண்டி அன்று மாலையே தெருமுனைக்குப் போய்விட்டது.

நான்காவது முடிவுதான் கடினமானது. நிபந்தனையற்ற மன்னிப்பு. மூத்தவர் ஒப்பவில்லை. அவருக்கு இரண்டு அச்சங்கள். மன்னிப்புக் கேட்டால் சந்து முழுவதும் தம்பி குடும்பத்துக்கே உரியது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது ஒன்று. அதைச் சட்டத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. உத்தரவை மீறியதற்கான மன்னிப்புக்கும் சந்தின் உரிமைக்கும் தொடர்பில்லை, உரிமையை எதிருரையில் தனியாகச் சொல்வோம், விதி 4 மனுவும் போடுவோம் என்றோம். மற்றது சட்டத்துக்கு வெளியே இருந்தது. குடும்பத்துக்கு மூத்தவர், தம்பி மனைவியிடம் தலைகுனிவதா? மன்னிப்பு அவரிடம் கேட்பதில்லை, நீதிமன்றத்திடம் கேட்பது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அவரை இணங்க வைத்தது எங்கள் வாதத் திறமை இல்லை, அவருடைய மனைவி. உரிமையியல் சிறை என்றால் புழலா என்று அந்த அம்மா கேட்டார். சிறை எதுவானால் என்ன, போனால் போனதுதானே என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

மன்னிப்பு வாக்குமூலத்தை எழுதும்போது ‘ஆனால்’, ‘இருப்பினும்’, ‘மனம் புண்பட்டிருந்தால்’ போன்றவை ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். நிபந்தனையோடு கேட்டது என்ற ஒரே காரணத்துக்காக நேர்மையான மன்னிப்பைத் தள்ளக் கூடாது என்று அவமதிப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு விளக்கம் சொல்கிறது உண்மைதான். நடைமுறையில் ஒரு ‘ஆனால்’ போதும், நீதிபதியின் முகம் மாறிவிடும். தேதிகளையும் மறைக்கவில்லை. வெள்ளி அன்று உத்தரவு தெரியும், சனி அன்று வேலை தொடங்கியது என்று எழுதினோம். வண்டி நின்றுபோன நாட்களின் வருமான இழப்பை ஈடுகட்ட ரூ.25,000 நீதிமன்றத்தில் செலுத்துவதாகவும், வழக்கு முடியும்வரை சந்தில் எதுவும் செய்வதில்லை என்றும் உறுதிமொழி கொடுத்தோம். நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறினால் அதுவே தனி அவமதிப்பு, 1971 சட்டத்தின் 2(பி) பிரிவில் அது வெளிப்படையாகவே இருக்கிறது. கையெழுத்துக்கு முன் இதைத் தந்தைக்கும் மகனுக்கும் தனித்தனியே படித்துக் காட்டினோம்.

நீதிமன்றத்தில்

சுவர் போய்விட்டதால் 151 மனு பதிவோடு முடிந்தது. 2ஏ மனு முடியவில்லை. இடையில் வாதி தரப்பு மகனையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மனுப் போட்டது. மனுவில் ஜப்திக்கான சொத்து விவரமும் சரியாக இல்லாததால் அதையும் திருத்த வேண்டியிருந்தது. இந்த இரண்டிலும் சில வாரங்கள் கழிந்தன. மகன் தனியாக ஒரு மன்னிப்பு வாக்குமூலம் தாக்கல் செய்தார், கடைசி வாய்தாவில்.

நீதிபதி மன்னிப்பை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அது ஆணையரின் அறிக்கை வந்த பிறகு வந்தது என்பதைக் குறிப்பிட்டார். மீறல் வேண்டுமென்றே நடந்தது என்று முடிவு செய்தார். தாமாகவே சுவரை அகற்றியது, தேதிகளை ஒளிக்காதது, இழப்பீட்டுத் தொகையைச் செலுத்தியது ஆகியவற்றைக் கருதிச் சிறை வேண்டாம் என்றார். முன்பகுதியில் மூத்தவருக்குள்ள சொத்தை ஆறு மாதத்துக்கு ஜப்தி செய்து, வாதியின் செலவுத் தொகையையும் கொடுக்க உத்தரவிட்டார். செலுத்திய தொகையை வாதி எடுத்துக்கொள்ள அனுமதித்தார். மறுபடி நடந்தால் இந்த உத்தரவும் கருத்தில் கொள்ளப்படும் என்று ஒரு வரியும் சேர்த்தார்.

கட்டளை 43-இன்படி இதற்கு மேல்முறையீடு உண்டு. மகன் போகலாம் என்றார். வேண்டாம் என்று அறிவுரை சொன்னோம். சிறை தவிர்க்கப்பட்ட உத்தரவை மறுபடி கிளறினால், வாதியும் குறுக்கே வந்து சிறை கேட்க இடம் உண்டாகும்.

ஜப்திக்குப் பின்

ஆறு மாத ஜப்தி என்றதும் குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. யாரும் வந்து கடையைப் பூட்டவில்லை, வியாபாரம் நடந்தது. அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. ஜப்தி உத்தரவு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வில்லங்கச் சான்றிதழில் ஏறியது. மாடி கட்டுவதற்கான கடன் மனு வங்கியில் இறுதிக் கட்டத்தில் இருந்தது. வங்கியின் வழக்கறிஞர் புதிய வில்லங்கச் சான்றிதழ் கேட்டார். அதில் அந்தப் பதிவு. கடன் நின்றுவிட்டது. எந்த மாடிக்காகச் சந்தை அடைத்தார்களோ அந்த மாடி சந்தை அடைத்ததாலேயே நின்றது. தண்டனையின் இந்தப் பகுதியைச் சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

இதற்கிடையில் எங்கள் விதி 4 மனுவும் இடைக்காலத் தடை மனுவும் சேர்த்து விசாரிக்கப்பட்டன. தடை உறுதியானது, ஒரு சிறு மாற்றத்தோடு. மூத்தவரின் கழிவுநீர்க் குழாய் சந்தின் அடியில் ஓடுவதால், முன்கூட்டித் தெரிவித்துவிட்டு அதைப் பழுது பார்க்கலாம் என்று சேர்த்தார்கள். அந்தக் குழாய் விவரம் முதல் நாளே நீதிபதிக்குத் தெரிந்திருந்தால் ஆணையின் வடிவமே சற்று வேறாக இருந்திருக்கும்.

வழக்கு பிறகு, உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டது. முதல் இரண்டு அமர்வுகளில் யாரும் யாரோடும் பேசவில்லை. மூன்றாவதில் தம்பியின் மூத்த மகள் வந்தாள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். படிக்கட்டைக் கடைக்குள் எடுத்தால் எவ்வளவு இடம் போகும் என்று காகிதத்தில் வரைந்து காட்டி, பெரியப்பாவிடம் கேட்டாள். மூத்தவர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார், மகனிடம் கொடுத்தார். பேச்சு அங்கிருந்து நகர்ந்தது. சந்து பொதுவாகவே இருக்கும், வாசலில் ஒரு இரும்புக் கதவு, இரு வீட்டுக்கும் சாவி, படிக்கட்டு கடைக்குள். கட்டளை 23 விதி 3-இன்படி சமரசத் தீர்ப்பாணை ஆனது. இனி யாராவது மீறினால் வழி 2ஏ இல்லை, கட்டளை 21 விதி 32. அங்கும் ஜப்தியும் சிறையும்தான்.

இனி மாற்றிக்கொள்பவை

சண்டை தொடங்கிவிட்டது, எதிர்த் தரப்பு கோர்ட்டுக்குப் போகும் என்று தெரிந்துவிட்டால், அன்றே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 148ஏ-வின்படி கேவியட் போடச் சொல்கிறோம். தொண்ணூறு நாட்களுக்கு அது நிற்கும். அதற்குள் எந்த இடைக்கால மனு வந்தாலும் நமக்குத் தெரிவிக்காமல் விசாரிக்க மாட்டார்கள். மேஸ்திரி அளவு எடுத்த அன்றைக்கு இதைச் செய்திருந்தால் ஒருதலைப்பட்ச ஆணையே வந்திருக்காது, குழாய் விவகாரமும் முதல் நாளே பேசப்பட்டிருக்கும்.

உத்தரவு கையில் கிடைத்த பிறகு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது வழக்கின் கதையை அல்ல. இடத்தில் இப்போது வேலை நடக்கிறதா என்று கேட்கிறோம். நடந்தால் எங்கள் மேசையிலிருந்தே மேஸ்திரிக்குத் தொலைபேசியில் சொல்லி நிறுத்த வைக்கிறோம். விதி 4 மனு அதற்குப் பிறகு. வீட்டில் வேலையை நடத்துகிறவர் யாரோ, மகனோ மருமகனோ, அவரையும் அழைத்து உத்தரவைப் படித்துக் காட்டுகிறோம். வழக்கில் பெயர் இல்லாதவர்தான் பெரும்பாலும் கல் இறக்குகிறார்.

வாதியாக வருபவர்களுக்கு, எதிர்த் தரப்பு வழக்கறிஞர் செய்ததையே சொல்கிறோம். ஆணை கிடைத்த மாலையே அஞ்சல், மறுநாள் காலையில் இடத்தின் படம், காவல் நிலையத்தில் வழக்கு பதியாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீது, முதல் வேலை நாளிலேயே ஆணையர். அவர் செய்யாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறோம். வீட்டில் உண்மையில் முடிவெடுப்பவரை முதல் வழக்குரையிலேயே பிரதிவாதியாக்குங்கள், 2ஏ மனுவோடு சொத்து விவரத்தைச் சர்வே எண்வரை இணையுங்கள்.

ஜப்தி முடிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. காலம் முடிந்தால் பதிவு தானாக மறைந்துவிடாது. ஜப்தி நீங்கிய உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, அதுவும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நாமே பார்க்க வேண்டும். மூத்தவரின் மகன் கடனுக்காக மறுபடி வங்கிக்குப் போனபோது, வில்லங்கச் சான்றிதழில் ஜப்தி மட்டும் இருந்தது, நீக்கம் இல்லை. நகல் மனுப் போட்டு, உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுத்து, புதிய சான்றிதழ் எடுத்த பிறகே வங்கி கோப்பைத் திறந்தது.